சி, சி++ பழகிய கைக்கு ரஸ்ட்லிங்ஸ் எப்படி?

ரஸ்ட் என்ற புரோகிராமிங் மொழியைக் கற்க இலவசமாகக் கிடைக்கும் பயிற்சித் தொகுப்பு ரஸ்ட்லிங்ஸ். வேண்டுமென்றே உடைத்து வைத்த குட்டிப் புரோகிராம்கள் தொண்ணூறுக்கு மேல். ஒவ்வொன்றையும் திருத்தி கம்பைல் ஆக வைக்க வேண்டும்.

முதலில் ரஸ்ட்டை நிறுவித் தரும் ரஸ்ட்அப், பிறகு டெர்மினலில் ‘கார்கோ இன்ஸ்டால் ரஸ்ட்லிங்ஸ்’, அடுத்து ‘ரஸ்ட்லிங்ஸ் இனிட்’. லினக்ஸில் ஜிசிசி போன்ற சி கம்பைலர் இல்லையென்றால் லிங்கர் பிழையோடு ‘கார்கோ இன்ஸ்டால்’ கட்டத்திலேயே நின்றுவிடும். ஃபைலைச் சேமித்ததும் தானே மறுபடி சோதிக்கும். ‘எச்’ தட்டினால் குறிப்பு, ‘எல்’ தட்டினால் பட்டியல்.

வேரியபிள், ஃபங்ஷன், இஃப் எல்லாம் அனுபவசாலிக்குக் கொட்டாவி. பட்டியலில் ‘மூவ் செமான்டிக்ஸ்’ (மதிப்பின் உரிமை கைமாறும் விதம்) பகுதியைத் தேர்ந்து ‘சி’ தட்டி நேராக அங்கே போய்விடலாம். சரக்கு அங்கேதான் இருக்கிறது. நான்காவது பயிற்சியில் ஒரே வெக்டருக்கு இரண்டு மியூட்டபிள் ரெஃபரன்ஸ், அதாவது மதிப்பை மாற்ற விடும் ரெஃபரன்ஸ். வரிகளின் வரிசையை மட்டும் மாற்றித் திருத்த வேண்டும். சி++காரர் அடைப்புக்குறி மூடும் வரை ரெஃபரன்ஸ் உயிரோடிருக்கும் என்றே நினைப்பார். ரஸ்ட்டில் ரெஃபரன்ஸ் எடுப்பது ‘கடன்’ வாங்குவது; அதைக் கடைசியாகப் பயன்படுத்திய வரியோடு கடன் தீர்ந்தது. இது பிடிபட்டால், கடன்கள் ஒன்றோடொன்று மோதும்போது வரும் ஈ0499, ஈ0502 பிழைகளில் பாதி பயம் போய்விடும். வெக்டரின் ஓர் உறுப்பைப் பிடித்துக்கொண்டே ‘புஷ்’ செய்யக் கம்பைலர் ஏன் விடுவதில்லை? இடம் போதாமல் வெக்டர் வேறு நினைவகத்துக்கு மாறினால் பழைய பாயின்டர் அந்தரத்தில் தொங்கும். சி-யில் இரவெல்லாம் டீபக்கரோடு தேடும் வகைப் பிழை இது.

குறை என்றால் ‘குளோன்’, அதாவது முழு நகல் எடுக்கும் பழக்கம். இரண்டாவது பயிற்சியின் விடையே குளோன்தான் என்பதால், அதன்பின் எங்கே இடித்தாலும் கை தானாக அதைப் போட்டுவிடும். கம்பைல் ஆகும், பெரிய வெக்டராக இருந்தால் வீண் நகல். பாஸ் ஆனதும் ‘சொல்யூஷன்ஸ்’ ஃபோல்டரில் விடை திறக்கும். உங்களுடையதோடு கட்டாயம் ஒப்பிடுங்கள்.

ஸ்ட்ரிங் பயிற்சிகள் முழுக்க ஆங்கிலச் சொற்கள். ‘தமிழ்’ என்று போட்டு ‘லென்’ கேட்டுப் பாருங்கள்: 15 பைட். ‘கேர்ஸ்’ (யூனிகோடு குறியீடுகள்) எண்ணினால் 5. கண்ணுக்குத் தெரிவதோ 3 எழுத்து. ‘எஸ்’ என்ற ஸ்ட்ரிங்கின் முதல் எழுத்தை எஸ்[0] என்று எடுப்பது ஏன் செல்லாது என்பது அப்போது விளங்கும்.

வெப் சர்வர் எழுத வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: திரெட் பயிற்சி உண்டு, ஏசிங்க் (ஒரு வேலை காத்திருக்கும்போது மற்றதைக் கவனிக்கும் முறை) பற்றி ஒன்றுகூட இல்லை. அதற்கு ‘டோக்கியோ’ என்ற ஏசிங்க் லைப்ரரியின் தளத்திலுள்ள பாடத்தைத் தனியாகப் படிக்க வேண்டியிருக்கும்.