ஹெட் கட்டளை: எட்டிப் பார்க்க இதுவே போதும், சில இடங்களில் மட்டும் கவனம்

4 ஜிபி லாக் ஃபைலை எடிட்டரில் திறந்தால் கம்ப்யூட்டர் திணறும். அதே ஃபைலை, டெர்மினலில் ஃபைலின் தொடக்கத்தைக் காட்டும் ஹெட் (head) கட்டளையிடம் கொடுத்தால் முதல் 10 வரியைக் கண் இமைக்கும் நேரத்தில் காட்டிவிட்டு வெளியேறிவிடும். கேட்ட வரிகள் கிடைத்ததும் மேற்கொண்டு படிக்காது, அதனால் ஃபைல் எவ்வளவு பெரிதானாலும் வேகம் குறையாது. லினக்ஸ், மேக் இரண்டிலும் கூடவே வருகிறது.

அன்றாட வேலைக்கு, எத்தனை வரி வேண்டும் என்று சொல்லும் -என் (-n) போதும். 'ஹெட் -என் 1 விற்பனை.சிஎஸ்வி' என்றால் தலைப்பு வரி மட்டும் வரும். பல ஃபைல்களைச் சேர்த்துக் கொடுத்தால் ஒவ்வொன்றின் மேலும் அதன் பெயரை அச்சிடும். பார்க்க வசதிதான். ஆனால் வெளியீட்டை வேறு ஃபைலில் சேமித்தால் அந்தப் பெயர்களும் டேட்டாவோடு கலந்துவிடும், எனவே லினக்ஸில் அப்போது பெயர்களைத் தவிர்க்கும் -க்யூ (-q) சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருபவர்கள் ஏமாறுவது ஜேசன் (JSON) டேட்டா ஃபைலில். மொத்த ஃபைலும் ஒரே வரியாக இருந்தால் 'முதல் 10 வரி' என்பது முழு ஃபைல்தான், திரை நிரம்பி வழியும். அங்கே 'ஹெட் -சி 500' (head -c 500) என்று பைட் கணக்கில் கேட்க வேண்டும்.

தமிழ் ஃபைல் என்றால் இந்த -சியிலும் சிக்கல் உண்டு. எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 (UTF-8) முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 'வணக்கம்' என்பதில் புள்ளிகளையும் சேர்த்து 7 குறியீடுகள், ஆக 21 பைட். -சி 12 கொடுத்தால் 'வணக்' வரும். -சி 9 என்றால் புள்ளி உதிர்ந்து 'வணக' ஆகிவிடும். -சி 10 என்றால் அந்தப் புள்ளியின் முதல் பைட் மட்டும் ஒட்டிக்கொண்டு, கடைசியில் கேள்விக்குறிப் பெட்டி நிற்கும். ஃபைல் கெட்டுவிட்டதாகப் பதற வேண்டாம், வெட்டிய இடம்தான் தப்பு.

லினக்ஸில் 'ஹெட் -என் -5' என்றால் கடைசி 5 வரி நீங்கலாக எல்லாம் வரும். மேக்கில் இருக்கும் ஹெட் இதை ஏற்காமல் பிழை காட்டும். இரண்டிலும் ஓட வேண்டிய ஸ்கிரிப்டில் இதைத் தவிருங்கள்.

ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் பைப்பில் ஹெட் முதலில் வெளியேறிவிடுவதால், இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் முந்தைய கட்டளை பாதியில் நிற்கும். பேஷ் (bash) ஷெல்லில், பைப்பின் எந்தக் கட்டளை தோற்றாலும் கணக்கில் எடுக்கும் பைப்ஃபெயில் (pipefail) போட்டிருந்தால் 141 என்ற எண்ணோடு அந்தப் பைப் முழுவதும் தோற்றதாகக் கணக்காகும். 128உடன், முந்தைய கட்டளையை நிறுத்தும் சிக்பைப் (SIGPIPE) சிக்னலின் எண்ணான 13 சேர்ந்த எண் அது. உண்மையில் எதுவும் கெடவில்லை.

நிஜமாகவே கெடுவது 'ஹெட் -என் 100 அ.டெக்ஸ்ட் > அ.டெக்ஸ்ட்' என்று அடிக்கும்போது. ஹெட் தொடங்கும் முன்பே, கட்டளைகளை இயக்கும் ஷெல் அந்த ஃபைலைக் காலி செய்துவிடும். வேறு பெயரில் எழுதி, பிறகு மாற்றுங்கள்.

தலைப்பை விட்டுவிட்டு மற்றதை வரிசைப்படுத்த '(ஹெட் -என் 1; சார்ட்) < விற்பனை.சிஎஸ்வி' என்பது லினக்ஸில் அழகாக வேலை செய்யும். ஒரு வரிக்காக ஹெட் ஒரு பெரிய துண்டையே படித்தாலும், ஃபைலில் பின்னோக்கி நகர்ந்து மிச்சத்தை சார்ட்டுக்கு விட்டுவைக்கும். பைப்பில் பின்னோக்கி நகர முடியாது, கூடுதலாகப் படித்த வரிகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். அங்கே ஹெட்டுக்குப் பதில் செட் (sed) கட்டளையை 'செட் -யூ 1க்யூ' (sed -u 1q) என்று போடுங்கள்.