தடித்த சுவெற்றருக்கு எந்த நூல்? நனைத்துத் தூக்கிப் பார்த்தபின் சொல்கிறேன்

திருகோணமலையில் பின்னப்படும் தடித்த சுவெற்றரில் அநேகமானது ஊரில் அணிவதற்கல்ல. ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் சித்திக்கும் பெறாமகளுக்கும் போகிறது. கிட்ட என்றால் நுவரெலியாவுக்கு. வேர்க்கிற கையால் இங்கே பின்னி, இங்கே கழுவி, இங்கே காயவைத்து அனுப்ப, அங்கே ஹீற்றர் போட்ட வீட்டில் வேறொருவர் அணிந்து வேறு விதமாகக் கழுவுகிறார். நூலைத் தெரிவுசெய்யும்போது விலையையும் நிறத்தையும்விட இதைத்தான் முதலில் நினைக்கவேண்டும்.

இங்கே நான்கை ஒப்பிடுகிறேன்: அக்கிரிலிக், பருத்தி, மெஷினில் கழுவலாம் என்று பதனிட்ட சுப்பர்வோஷ் கம்பளி, அப்படிப் பதனிடாத சாதாரண கம்பளி. என் கை கடைசியாகச் சொன்னதன் பக்கம்தான் சாய்கிறது. அதிலும் ஒற்றைத் திரியாக அல்லாமல், இரண்டு மூன்று இழை முறுக்கிய கம்பளி.

தடித்த நூல் என்று எதைச் சொல்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். சர்வதேச லேபல்களில் 5 என்று எண் போட்டிருப்பது பல்க்கி: 5.5 முதல் 8 மில்லிமீற்றர் ஊசியில் 10 சென்ரிமீற்றருக்கு 12 முதல் 15 கண்ணி, அதாவது பின்னல் வளையம், வரும். 6 என்பது சுப்பர் பல்க்கி. 7 முதல் 11 கண்ணி. இங்கே பேசுவது 5ஆம் எண்ணைப் பற்றி. நூறு கிராமில் ஏறத்தாழ 100 முதல் 130 மீற்றர் இருக்கும்.

பருத்தியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நம் வெயிலுக்கு ஏற்ற நார்தான், ஆனால் தடித்த சுவெற்றருக்கு ஆகாது. பாரம் அதிகம், இழுத்தால் திரும்பி வரும் குணம் குறைவு. நனைந்தால் இன்னும் பாரமாகித் தன் பாரத்திலேயே தொங்கும். ரீசேட் துணியை நாடாவாக வெட்டிச் சுற்றிய நூலும் இதே கதைதான். பைக்கும் கால்மிதிக்கும் அருமையானது, உடம்பில் போட அல்ல.

அக்கிரிலிக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஊர்க் கடைகளில் “ஊல்” என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்கிரிலிக்தான். லேபல் இல்லாத உருண்டை என்றால் பத்து சென்ரிமீற்றர் துண்டை இடுக்கியில் பிடித்து, கீழே தகரத் தட்டு வைத்து, நெருப்புக் குச்சியால் கொளுத்திப் பாருங்கள். கம்பளி தயங்கித் தயங்கி எரியும், தலைமயிர் கருகும் மணம் வரும், சாம்பலை விரலால் நசித்தால் தூளாகும். அக்கிரிலிக் உருகிச் சுருண்டு, ஆறியதும் நசிபடாத கறுப்பு மணியாக நிற்கும். கலப்பு நூலில் மயிர் மணமும் கறுப்பு மணியும் இரண்டுமே இருக்கும்.

அதற்காக அக்கிரிலிக்கை ஒதுக்கச் சொல்லவில்லை. மலிவு, பூச்சி அரிக்காது, மெஷினில் போடலாம், கம்பளி கடிக்கிறது என்று அழும் பிள்ளைக்கும் ஒத்துப்போகும். தடித்த உருண்டை கிடைக்காவிட்டால் டிகே என்ற, பல்க்கியைவிட மெல்லிய தடிப்பில் இரண்டு இழையைச் சேர்த்துப் பிடித்துப் பின்னலாம். நூறு கிராமுக்கு 230 மீற்றர் உள்ள நூலை இரட்டையாகப் பிடித்தால் 115 மீற்றர் கணக்கு வரும், அதுவே பல்க்கி. குறை எங்கே என்றால், முழங்கையிலும் கீழ் விளிம்பிலும் ஒருமுறை தளர்ந்தால் தளர்ந்ததுதான். கம்பளியை நனைத்துத் தட்டையாக விரித்துக் காயவைத்தால் பெரும்பாலும் பழைய வடிவத்துக்கு வரும். அக்கிரிலிக்குக்குத் தண்ணீர் அப்படி உதவாது. சூட்டுக்கு மட்டும் அது இணங்கும், ஆனால் இஸ்திரிப் பெட்டி நேரே பட்டால் நார் செத்து, துவண்ட துணியாகிவிடும். அதைத் திருத்த வழியே இல்லை.

உண்மையான போட்டி இரண்டு கம்பளிகளுக்கு இடையில்தான்.

கம்பளி இழையின் மேல் ஓடு அடுக்கியதுபோலச் சிறு செதில்கள் உண்டு. சூடு, ஈரம், உராய்வு மூன்றும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றையொன்று கொளுவிக்கொண்டு துணி சுருங்கிக் கட்டியாகும். சுப்பர்வோஷ் செய்வதென்றால், வழக்கமாகக் குளோரினால் அந்தச் செதிலை மழுக்கி, மேலே மெல்லிய பிசின் பூச்சுக் கொடுப்பது. அதனால் மெஷினில் கட்டியாகாது. அதே காரணத்தால் இழைகள் ஒன்றையொன்று பிடிக்காமல் வழுக்கும். மெல்லிய நூலில் இது பெரிய குறையல்ல. கண்ணிகள் சிறிதாகவும் நெருக்கமாகவும் இருப்பதால் ஒன்றையொன்று தாங்கும். தடித்த நூலில் கண்ணி பெரிது, இடைவெளி பெரிது, துணியின் பாரமும் பெரிது. அதை நனைத்துத் தூக்கினால் கை முட்டுக்கு ஓடும், கழுத்து தோளால் வழியும்.

இப்படி நீண்ட சுப்பர்வோஷ், சுழற்றி உலர்த்தும் மெஷினில் போட்டால் பெரும்பாலும் திரும்ப ஒடுங்கும். கனடாவில் அந்த மெஷின் பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் உலர்த்துவது காற்றும் ஃபானும்தான். சுவெற்றரைத் தொடங்கமுன் அளவு பார்க்கப் பின்னும் மாதிரித் துண்டு, இங்கே கழுவிக் காயவைத்தால் ஓர் அளவைச் சொல்லும். அங்கே மெஷினில் உலர்ந்த சுவெற்றர் வேறு அளவில் நிற்கும். பின்னுகிறவர் கண்ணால் சரிபார்க்க முடியாத அளவை நம்பி 120 வரிசை பின்னவேண்டியிருக்கிறது. சுப்பர்வோஷை நான் இரண்டாம் இடத்துக்குத் தள்ளுவது இதனால்தான். நார் மென்மையானது, நிறம் பளிச்சென்று பிடிக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சரி, மாதிரித் துண்டு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான், ஆனால் அந்தச் சோறு வெந்ததாக இருக்கவேண்டும். ஊசியில் இருக்கும்போதே அளக்கும் துண்டு உலை கொதிக்கமுன் எடுத்த அரிசி மாதிரி. தடித்த நூலில் தவறும் பெருக்கும். 110 சென்ரிமீற்றர் மார்புக்கு 14 கண்ணிக் கணக்கில் 154 கண்ணி போடுகிறோம். உண்மையில் வருவது 13 என்றால் சுவெற்றர் 118.5 சென்ரிமீற்றர், எட்டரை கூட. மெல்லிய நூலில் 22க்குப் பதில் 21 வந்தால் ஐந்து சென்ரிமீற்றர்தான் கூடும். ஒரே ஒரு கண்ணிப் பிழைக்குத் தடித்த நூல் வாங்கும் தண்டம் இது.

எனவே 30 கண்ணி போட்டு, இருபக்கமும் மும்மூன்று கண்ணி கார்ட்டர் கரை (எல்லா வரிசையிலும் நேர்க் கண்ணியே பின்னும், சுருளாத கரை) விட்டு, 40 வரிசை பின்னுங்கள். ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் சதுரம் வரும். 25 கிராம் அளவு நூல் போகும். சுவெற்றரை வட்டமாகப் பின்னப்போகிறீர்கள் என்றால் துண்டையும் வட்டம்போலப் பின்னவேண்டும்: ஒவ்வொரு வரிசை முடிவிலும் நூலைப் பின்னால் தளர்வாக இழுத்துவந்து முதல் கண்ணியில் திரும்பத் தொடங்குங்கள். பலருக்குப் பர்ல் வரிசை, அதாவது துணியைத் திருப்பி மறுபக்கத்தில் பின்னும் வரிசை, தளர்வாக விழும். பர்ல் கலந்த துண்டை வைத்து, பர்ல் இல்லாத சுவெற்றரைக் கணக்கிட்டால் உடம்பு இறுகிப்போகும்.

இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டு 20 நிமிடம் ஊறவிடுங்கள். கட்டிச் சவர்க்காரம் வேண்டாம், அதன் காரம் கம்பளியை வறட்டிவிடும். கடலோரக் கிணறு உவரென்றால் கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீரோ மழைநீரோ எடுங்கள். முறுக்கிப் பிழியாமல் துவாயில் சுருட்டி, மேலே ஏறி மிதியுங்கள். பிறகு நிழலில் பன்பாயில் தட்டையாக விரியுங்கள். பாயைக் கதிரைகளின் மேல் கிடத்தினால் கீழாலும் காற்றுப் போகும். கச்சான் வீசும் மாதங்களில் துண்டு பின்னேரத்துக்குள் காய்ந்துவிடும். கார்த்திகை, மார்கழி மழையில் ஃபான் போட்டாலும் இரண்டு நாள் பிடிக்கலாம். அந்த மாதங்களில் முழுச் சுவெற்றரைக் கழுவும் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், புழுங்கல் மணம் ஏறிவிடும்.

இத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமானது அடுத்த படி. காய்ந்த துண்டின் கீழ்க் கரையில் ஒரு ஊசியைக் கோர்த்து, மேல் கரையைக் கிளிப்புகளால் கொடியில் நெருக்கமாக மாட்டி, ஊசியின் இரு முனைகளிலும் 50 கிராம் உருண்டை ஒவ்வொன்றைப் பையில் போட்டுத் தொங்கவிடுங்கள். ஒருநாள் முழுக்கத் தொங்கட்டும். ஏன் 100 கிராம்? பல்க்கித் துணி நூறு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 6 கிராம் வரும். 60 சென்ரிமீற்றர் நீள உடம்பில் 20 சென்ரிமீற்றர் அகலத் துண்டு தாங்குவது 72 கிராம். கையின் பாரத்தில் ஒரு பங்கையும் சேர்த்தால் நூறுக்குக் கிட்ட.

இறக்கியதும் இரும்பு அடிமட்டத்தால் நடுவில் 15 சென்ரிமீற்றருக்கு எண்ணுங்கள். தையல் நாடா வளைந்து பொய் சொல்லும். அரைக் கண்ணியையும் விடாதீர்கள். வரிசைகளையும் எண்ணுங்கள், தடித்த சுவெற்றர் கெட்டுப்போவது நீளத்தில்தான். கழுவமுன் 10 சென்ரிமீற்றருக்கு 20 வரிசை இருந்து, தொங்கியபின் 18.5 ஆனது என்று வைத்துக்கொள்வோம். 60 சென்ரிமீற்றருக்கென்று 120 வரிசை பின்னினால் 65 ஆகிவிடும். 111 வரிசையோடு நிறுத்தினால் போட்டுத் திரியும்போது 60இல் நிற்கும். நீளம் நூற்றுக்கு ஐந்து, எட்டு என்று கூடினால் இப்படிக் கணக்கில் கழித்துக்கொள்வேன். பத்தைத் தாண்டினால் அந்த நூலைச் சுவெற்றருக்கு எடுக்கமாட்டேன், தொப்பிக்கோ சால்வைக்கோ வைத்துக்கொள்வேன். நான்கு நூலையும் இப்படித் தொங்கவிட்டுப் பாருங்கள். பருத்தியும் சுப்பர்வோஷும் முன்னால் ஓட, சாதாரண கம்பளி பின்தங்கி நிற்பதைக் காண்பீர்கள். இந்தப் போட்டியில் பின்தங்குவதுதான் வெற்றி.

கண்ணி எண்ணிக்கை பொருந்தாவிட்டால் ஊசியை மாற்றுவது வழக்கம். ஆனால் கடையில் 7 மில்லிமீற்றருக்கு அடுத்தது பெரும்பாலும் 8தான்; நடுவில் நிற்கும் கேஜுக்கு (10 சென்ரிமீற்றருக்கு வரும் கண்ணி எண்ணிக்கைக்கு) ஊசி கிடைக்காது. துணி கைக்குப் பிடித்திருந்தால் ஊசியை விட்டுவிட்டுக் கண்ணிக் கணக்கை மாற்றுங்கள். மூங்கில் ஊசி வாங்குங்கள். வேர்த்த கையில் வழுக்காது, உப்புக் காற்றில் துருவும் பிடிக்காது.

இங்குள்ளவர்கள் கவனிக்கவேண்டிய இன்னொன்று: கம்பளி காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை குடித்தும் கைக்கு ஈரமாகத் தெரியாது. மழைக்காலத்தில் நிறுத்த மிச்ச நூல் காட்டும் எடையில் ஈரமும் சேர்ந்திருக்கும். கிராமை நம்பாமல் லேபலில் உள்ள மீற்றரை வைத்துக் கணக்குப் போடுங்கள். 110 சென்ரிமீற்றர் மார்புள்ள சுவெற்றருக்கு 700 முதல் 800 மீற்றர் வேண்டும். நூல் விடுமுறைக்கு வருபவர்களின் பெட்டியில் வருவதானால் மாதிரித் துண்டுக்கும் சேர்த்து ஓர் உருண்டை கூடச் சொல்லிவிடுங்கள். அவர்கள் திரும்பிப் போனபின் அதே சாயத் தொகுதி எண்ணில் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூலுக்கு லேபலில் போடும் எண்) ஒன்று தேடுவது நடக்கிற காரியமல்ல.

சாதாரண கம்பளியின் குறைகளையும் மறைக்கவில்லை. 30 மைக்ரோனுக்கு (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோன்) மேல் தடித்த இழைகள் தோலில் குத்தும். துண்டைக் கழுத்துக்குள் செருகி அரை மணிநேரம் வேலை பாருங்கள், விடை தெரிந்துவிடும். ஐஸ்லாந்தின் ஆலாஃபோஸ்லோப்பி போன்றவை நூறு கிராமுக்கு 100 மீற்றர் என்றாலும் காற்றோட்டமாக, பாரம் குறைந்து நிற்கும். ஆனால் உள்ளே சேட் போடாமல் அணிய எல்லோராலும் முடியாது. பூச்சிப் பயமும் உண்டு. கழுவிக் காய்ந்ததை இறுக்கி மூடும் பையில் போட்டு அலுமாரியில் வையுங்கள். பழைய உருண்டையில் சந்தேகம் இருந்தால் ஒரு வாரம் ஃபிரீசரில் வையுங்கள். முறுக்கில்லாத ஒற்றைத் திரி நூல் கடையில் பஞ்சுபோல மயக்கும், கக்கத்தில் உருண்டை உருண்டையாகப் பொருமும். துண்டை உள்ளங்கைகளுக்கு நடுவே ஐம்பது தடவை உரசினால் இப்போதே தெரியும்.

பாதி கம்பளி, பாதி அக்கிரிலிக் கலந்த நூல் நடுவழி. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதைத்தான் சொல்வேன். நீட்சி மட்டாக இருக்கும். ஆனால் பொருமிய உருண்டைகளை அக்கிரிலிக் இழை உதிரவிடாமல் பிடித்து வைத்திருக்கும். அல்பாக்கா கலந்ததில் என் கைப்பழக்கம் குறைவு. பின்னிய அளவில் அது தொங்கத்தான் பார்த்தது, எனவே பாரம் கட்டிப் பார்க்காமல் ஊசியில் ஏற்றவேண்டாம்.

மெஷினில்தான் போடுவேன் என்று அணிகிறவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் சாதாரண கம்பளியில் பின்னாதீர்கள், ஒரே கழுவலில் பிள்ளைச் சட்டையாகிவிடும். கையால் கழுவ இசைந்தவருக்கு அது பெரிய சுமையுமல்ல. ஒருநாள் போட்டதை இரவு கதிரையில் காற்றாட விட்டால் மணம் போய்விடும். உள்ளே சேட் போட்டு அணிந்தால் குளிர்காலத்துக்கு இரண்டு மூன்று தடவை கழுவினால் போதும்.

பார்சல் கட்டும்போது அந்த மாதிரித் துண்டைப் பிரிக்காமல் சுவெற்றரோடு வையுங்கள். அதில் நூல் லேபலைக் குண்டூசியால் குத்தி, ஒரு கடதாசியில் எழுதுங்கள்: பச்சைத் தண்ணீர், ஷாம்பு, முறுக்கவேண்டாம், கொழுவவேண்டாம், மடித்து வையுங்கள். ஓட்டை விழுந்தால் தைக்க 20 கிராம் நூலும் போகட்டும். மெஷினில் போட்டுப் பார்க்க ஆசை வந்தால் முதலில் துண்டைப் போடச் சொல்லுங்கள்.