மிஞ்சிய தண்ணீரா, மூடாத மடையா?

சிறுபோகத்தில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி விதைத்து, இராவில் டோர்ச்சோடு வரம்பில் நடந்தவருக்கு இது தெரியும். வாய்க்காலில் தண்ணீர் மிஞ்சினாலும் பயிர் மூழ்கும். மடை மூடாமல் இறுகினாலும் மூழ்கும். உடலின் கலம் புற்றுநோயாவதிலும் இந்த இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, மிஞ்சிய தண்ணீர்: கலத்தைப் பிரியச் சொல்லும் புரதமான வளர்ச்சிக் காரணியை ஆக்கும் மரபணுவே அடங்காமல் போவது. மண்வெட்டி பட்ட காயம் ஆறக் குருதிச் சிறுதட்டுகள் பி.டி.ஜி.எஃப். என்ற காரணியை வெளிவிடுகின்றன. குரங்குப் புற்றுநோய் வைரஸ் ஒன்றில் இருந்த ‘சிஸ்’ மரபணு, அதே காரணியின் மரபணுவை ஒத்தது என்று 1983இல் கண்டார்கள். வைரஸ் கலத்திடம் களவெடுத்த சரக்குத்தான்! அது புகுந்த கலம் தானே சுரந்து, தானே ஏற்று, ஓயாமல் பிரிகிறது. ஆனால் காரணியைப் பிடித்துச் சேதியை உள்ளே அனுப்பும் புரதமான ஏற்பி இல்லாத கலத்தில் இந்த வித்தை பலிக்காது.

இரண்டாவது, மூடாத மடை: அதற்குக் காரணியே வேண்டாம். ஹெர்2 ஏற்பியின் மரபணு பல பிரதிகளாகப் பெருக, ஏற்பிகள் தங்களுக்குள் சோடி சேர்ந்து ‘பிரி, பிரி’ என்கின்றன. மார்பகப் புற்றுநோய்களில் 15 முதல் 20 வீதம் வரை இந்த வகை.

எனக்கு இரண்டாவதுதான் பொல்லாததாகப் படுகிறது. சரி, பிடி கொடுப்பதும் அதுதான்: ஏற்பி கலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் டிராஸ்டுசுமாப் மருந்து நேரே போய் அதில் ஒட்டுகிறது.