நெய்வேலி வழியா, எஸ்காம் வழியா?

எங்கள் கொள்ளுத்தாத்தா தென்னாப்பிரிக்காவின் நியூகாசிலில் நிலக்கரி வெட்டியவர். அவருடைய எண் பொறித்த பித்தளை வில்லை இன்னும் டர்பனில் எங்கள் சாமி அறையில் இருக்கிறது. மின்வெட்டு வந்தால் வீட்டில் இதே பேச்சுதான்: கரியை அரசே தோண்டுவது நல்லதா, தனியாரிடம் வாங்குவதா?

முதல் வழிக்கு நெய்வேலி. 1956-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். பழுப்பு நிலக்கரியைத் தோண்டுவதும் அவர்கள், எரித்து மின்சாரம் எடுப்பதும் அவர்கள். ராட்சதச் சக்கரம் சுரண்டிப்போடும் கரி, பெல்ட்டிலேயே அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. ஈரம் மிகுந்த கரி அது. தூரத்துக்கு ஏற்றிப்போனால் கட்டுப்படியாகாது.

இங்கே தென்னாப்பிரிக்காவில் மின்சாரம் தரும் எஸ்காம் நிறுவனமும் அரசுடையது, ஆனால் அது எரிக்கும் கரியில் பெரும்பகுதி தனியாருடையது. சில நிலையங்களுக்கு பெல்ட் உண்டு, மற்றவற்றுக்கு லாரிதான். கரி வெட்டும் ம்புமலாங்கா மாகாணத்துச் சாலைகள் அந்தப் பாரத்தில் நொறுங்கிக் கிடக்கின்றன. அரசுக்கும் ஒரு சுரங்க நிறுவனம் இருக்கிறது. அதே மாகாணத்தின் ஓகீஸ் ஊர்ப் பக்கம் 2011-இல் தோண்டத் தொடங்கியது; சிறியதுதான்.

என் ஓட்டு நெய்வேலி வழிக்கே. 1913-இல், ஒப்பந்தக் கூலி முடிந்த இந்தியர்கள்மீது போட்ட மூன்று பவுன் வரியை எதிர்த்து நியூகாசிலின் இந்தியச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியபோது, அவர்களை அடித்து வேலைக்கு இழுத்தது தனியார் சுரங்கங்கள்தான். அதற்காக அரசுச் சுரங்கம் என்றால் எல்லாம் சரி என்றும் சொல்லமாட்டேன். 2023 ஜூலையில் நெய்வேலி பக்கத்து வளையமாதேவி கிராமத்தில் அதே நெய்வேலி நிறுவனம் கால்வாய் வெட்ட, பயிர் நின்ற நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கின. அந்தக் காட்சியைப் பார்த்த அம்மா அன்று சோற்றில் கைவைக்கவில்லை.