பாயூவா, கானா? நார்மண்டில எங்க தங்கலாம்

2025 மே மாசம் அப்பா அம்மாவோட பிரான்ஸ்ல இருக்கற நார்மண்டி போனப்ப பாயூல தங்கறதா கான்ல தங்கறதான்னு வீட்ல ஒரு வாரம் பேச்சு ஓடுச்சு. (இந்த கான் சினிமா விழா நடக்கற ஊர் இல்ல, அது தெற்க, இது வடக்க.) கடைசில பாயூல மூணு ராத்திரி தங்கினோம், கானுக்கு ஒரு நாள் மட்டும் போயிட்டு வந்தோம். திரும்ப போனாலும் பாயூதான்.

கான் பெரிய ஊரு, டிராம் ஓடுது, கடைகண்ணி நிறைய, பாரிஸ்லேந்து ட்ரெயின்ல ரெண்டு மணி நேரம். பாயூ அதுக்கப்புறம் இன்னொரு கால் மணி நேரம், அவ்வளவுதான் வித்தியாசம்.

நாங்க முடிவு பண்ணது ஒரே விஷயத்த வச்சு. எங்ககிட்ட கார் இல்ல, அம்மாவுக்கு முட்டி வலி. நாங்க பாக்கப் போனது ரெண்டாம் உலகப் போர்ல, 1944 ஜூன்ல, நேச நாட்டுப் படைங்க வந்து இறங்கின கடற்கரைங்கள. பாயூலேந்து கடலோர ஊரான அரோமான்ஷ் 10 கிலோமீட்டர், அமெரிக்கப் படை இறங்கின ஒமாஹா பீச் பக்கம் இருக்கற அமெரிக்க கல்லறை 18 கிலோமீட்டர் கிட்ட வரும். கான்லேந்து ஒமாஹான்னா தூரம் ரெண்டு மடங்குக்கு மேல. பஸ் ரெண்டு ஊர்லயும் அடிக்கடி கிடையாது, ஒண்ண விட்டா அடுத்ததுக்கு மணிக்கணக்கா நிக்கணும். ரெண்டாவது நாள் அரோமான்ஷ்ல கடல் உள்வாங்கியிருந்துச்சு, 1944ல இங்கிலாந்துலேந்து இழுத்துட்டு வந்து இறக்கின செயற்கைத் துறைமுகத்தோட கான்கிரீட் பெட்டிங்க மணல்ல அப்படியே நிக்குது, அப்பா அதுல ஒண்ண கையால தடவிப் பாத்துட்டு நகரவே மாட்டேன்னுட்டாரு, பஸ் போயிடுச்சு. ஆனா 10 கிலோமீட்டர்தானேன்னு டாக்ஸி கூப்ட்டு வந்துட்டோம். கான்ல ரூம் போட்டிருந்தா அன்னிக்கு ராத்திரி திண்டாடியிருப்போம். ஊருக்குள்ளயும் எல்லாமே நடக்கற தூரம், அம்மாவே கதீட்ரல்லேந்து பிரிட்டிஷ் கல்லறை வரைக்கும் நடந்தாங்க.

அந்தக் கல்லறையப் பத்தி சொல்லியே ஆகணும். 4,600க்கு மேல கல்லு, அதுல ஜெர்மன்காரங்களும் 460க்கு மேல இருக்காங்க. கல்லடில பூச்செடி, நிறைய கல்லுல கீழ அந்தப் பையனோட குடும்பத்துக்காரங்க சொன்ன ஒரு வரி. அம்மா வயச மட்டும் படிச்சுட்டே வந்தாங்க, 19, 21, 20ன்னு. கொஞ்ச நேரத்துல படிக்கறத நிறுத்திட்டாங்க.

பாயூ 1944 ஜூன் 7ம் தேதியே ஜெர்மன்காரங்ககிட்டேந்து விடுதலை ஆயிடுச்சு, சண்டை பெருசா நடக்கல, அதனால 1077ல அர்ப்பணிச்ச கதீட்ரல், ஆத்தங்கரை வீடுங்க எல்லாம் தப்பிச்சது. கான்ல ஒரு மாசத்துக்கு மேல சண்டை, குண்டுவீச்சுல ஊர்ல முக்கால்வாசி போச்சு. இப்ப அங்க பாக்கறதுல பெரும்பாலும் போருக்கப்புறம் கட்டினது.

அப்புறம் பாயூ மியூசியத்துல இருந்த அந்தப் பேர்போன பழைய துணி. பாயூ டேபஸ்ட்ரின்னு பேரே தவிர அது நெய்தது இல்ல, லினன் துணில கம்பளி நூலால போட்ட பூத்தையல், 70 மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. 1066ல நார்மண்டிய ஆண்ட வில்லியம் இங்கிலாந்தப் பிடிச்ச கதை. இருட்டு ரூம்ல கண்ணாடிக்குப் பின்னாடி நீளமா போகுது, ஹேலி வால்நட்சத்திரத்தப் பாத்து ஆளுங்க விரல நீட்டறாங்க, எரியற வீட்டுலேந்து ஒரு அம்மா குழந்தை கையப் பிடிச்சுட்டு வெளிய வராங்க, அந்தத் தையல நின்னு பாக்க பாக்க மனசு என்னமோ பண்ணுது. ஆனா இப்ப போறவங்களுக்கு இது கிடையாது, 2025 செப்டம்பர்லேந்து மியூசியம் வேலைக்காக மூடிட்டாங்க, 2027லதான் திறக்கறதா திட்டம், நடுவுல துணி லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு இரவலா போகுது. இதுக்காகவே போறதா இருந்தா அதுவரைக்கும் காத்திருங்க.

கானுக்கும் ஆள் உண்டு. 1988ல திறந்த போர் நினைவு மியூசியம் அங்கதான், நல்லா பாக்க அரை நாளுக்கு மேல ஆகும். வில்லியம் கல்லறை இருக்கற மடம், அவரோட கோட்டை எல்லாம் கான்லதான். 1944ல பிரிட்டிஷ் படை இறங்கின பெகாசஸ் பாலம், ஸ்வார்ட் பீச் பாக்கணும்னா கான்தான் கிட்ட. ராத்திரி அங்க தங்கினதில்ல, அதனால ஓட்டல் சாப்பாடு பத்தி பேச மாட்டேன். பாயூல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பாதிக்கு மேல கடை மூடியிருந்துச்சு, முன்னாடியே பிரட் பழம் வாங்கி வச்சுக்கங்க. சொந்தக் கார் இருக்கறவங்களுக்கு நான் சொன்ன பஸ் கணக்கு பொருந்தாது, அவங்க எங்க தங்கினாலும் ஓட்டிக்கலாம். பஸ்ஸ நம்பி பெரியவங்கள கூட்டிட்டுப் போறவங்க பாயூல ரூம் போடுங்க, ஸ்டேஷனுக்கும் கதீட்ரலுக்கும் நடுவுல கிடைச்சா இன்னும் நல்லது.