ஃபாஸ்டிங் இன்சுலின் டெஸ்ட்: காசுக்குத் தகுமா?

எங்கள் தெருமுனை லேபில் எடுத்தேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 96, நார்மல்தான், ஆனால் இன்சுலின் 18. அதாவது செல்கள் இன்சுலினுக்குச் சரியாக மசியாததால் கணையம் கூடுதலாகச் சுரந்து சர்க்கரையைச் சமாளித்துக்கொண்டிருக்கிறது, வெறும் சர்க்கரை டெஸ்டில் இது வருஷக்கணக்கில் வெளியே தெரியாமலே ஓடும். இரண்டையும் பெருக்கி 405-ஆல் வகுத்தால் ஹோமா ஐஆர், அதாவது செல்கள் இன்சுலினுக்கு எவ்வளவு மசியவில்லை என்று காட்டும் எண், எனக்கு 4.27. இந்தக் கணக்குக்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள், போனில் கால்குலேட்டர் இருக்கிறதே! ரத்தம் எடுத்த அக்கா கெட்டிக்காரர், வலியே இல்லை. ரிப்போர்ட்தான் லேட். இன்சுலின் அளவு லேபுக்கு லேப் மாறும், அதனால் மறுபடி எடுப்பதானால் அங்கேயேதான். எல்லோருக்கும் இது தேவையில்லை. பின்கழுத்தில் கருமை, ஆண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 90 செ.மீ.க்கு மேல் என்றிருந்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள், அப்புறம் லேபுக்குப் போகலாம்.