எக்லிப்ஸ் பிளகின்: நேரடி இணையமா, ஸிப் கோப்பா, பென் டிரைவா?

கிளிநொச்சியில் ஜாவா படிக்கும் பிள்ளைகளின் மடிக்கணினிகளில் நான் அடிக்கடி பார்ப்பது ஒரே பிழைதான். ஜாவா நிரல் எழுத உதவும் எக்லிப்ஸ் மென்பொருளில் பிளகின் (கூடுதல் வசதி தரும் துணைமென்பொருள்) நிறுவும்போது பாதியில் நின்று, 'மிஸ்ஸிங் ரிக்வயர்மென்ட்' என்று சிவப்பில் ஒரு நீண்ட வரி வரும்.

எந்த வழி நல்லது என்று பார்க்கமுன் அந்த வரியை வாசியுங்கள். அதன் கடைசியில் [3.2.0,4.0.0) என்பதுபோல இருக்கும். பிளகினுக்குத் தேவையான வேறொரு துண்டின் எந்தப் பதிப்புகள் சரிவரும் என்பதுதான் அது. சதுர அடைப்பு என்றால் 3.2.0உம் சேர்த்தி, வளைந்த அடைப்பு என்றால் 4.0.0 சேராது. உங்களிடம் இருப்பது 4.1 என்றால், அந்தத் துண்டு இருந்தும் எக்லிப்ஸ் 'காணவில்லை' என்றுதான் சொல்லும். 'ஜாவா எஸ்இ 17' என்று கேட்டால் வேறு எந்தப் பிளகினைத் தேடியும் பயனில்லை, ஜாவாவைத்தான் மாற்ற வேண்டும். எக்லிப்ஸ் 2020 செப்டம்பர் வெளியீட்டிலிருந்து ஜாவா 11ஐயும், 2022 செப்டம்பர் வெளியீட்டிலிருந்து 17ஐயும் கேட்கத் தொடங்கியது.

சரி, வழிகளுக்கு வருவோம். நல்ல இணைப்பு இருந்தால் நேரடி இணையமே சிறந்தது. நிறுவும் பெட்டியின் அடியில், தேவையானதை எல்லாத் தளங்களிலும் (பிளகின்களை இறக்கும் இணைய முகவரிகளிலும்) தேடு என்று ஒரு டிக் இருக்கும். வேகமாக முடியும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை எடுத்துவிடுகிறார்கள். பாதிப் பிழைகள் அங்கேதான் பிறக்கின்றன. உங்கள் எக்லிப்ஸ் வெளியீட்டுக்குரிய தளம் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஸிப் கோப்பு கையில் எடுத்துப்போக வசதிதான். ஆனால் பெரும்பாலும் அதற்குள் பிளகின் மட்டுமே இருக்கும், அது சார்ந்திருப்பவை இருக்காது. டிக்கை விட்டுவைத்தால் குறைகிற துண்டுகளை மட்டும் இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும், டேட்டா மிஞ்சும். கோப்பை எக்லிப்ஸுக்குள் இருக்கும் 'டிராப்இன்ஸ்' கோப்புறைக்குள் போடுவதை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை. ஏதாவது குறைந்தால் பிழைச் செய்திகூட வராது, மெனு தோன்றாது, அவ்வளவுதான். பிள்ளை ஒரு நாள் முழுக்கத் தன்னிடம்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

மாங்குளம் தாண்டி ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்புப் பக்கம் வீட்டிலிருந்து மொபைல் டேட்டாவில் படிக்கும் பிள்ளைக்கு நான் சொல்வது மூன்றாவது வழி. எக்லிப்ஸில் நிறுவும் வேலையைச் செய்யும் பகுதிக்குப் பி2 என்று பெயர்; அதன் மிரர் (நகலெடுக்கும்) கருவியால், வேண்டிய பிளகினையும் அது சார்ந்த அனைத்தையும் ஒரு கோப்புறையில் இறக்கலாம். விவரப் பட்டியல், கோப்புகள் இரண்டையும் மிரர் செய்ய வேண்டும். பட்டியலை மட்டும் எடுத்தால் கணக்குச் சரிவரும், பிறகு கோப்பு இல்லாமல் நிற்கும். முழு வெளியீட்டையும் இறக்கினால் பல ஜிபி போய்விடும், ஆகவே வேண்டிய பெயரை மட்டும் கொடுங்கள். முதல் தடவை கட்டளை எழுதப் பொறுமை வேண்டும். ஒருவர் இரவு டேட்டாவில் இறக்கிவிட்டால், அதே எக்லிப்ஸ் வெளியீடு உள்ள வகுப்பு முழுக்க அந்தப் பென் டிரைவைச் செருகி, 'லோக்கல்' என்று கோப்புறையைக் காட்டி, இந்த வழியில் மட்டும் அந்த டிக்கை எடுத்துவிட்டு, டேட்டா செலவில்லாமல் நிறுவலாம்.